கை தூக்கச் சொன்ன மருந்து

ஹெர்னியா ஆபரேஷனுக்காகப் பொன்னுரங்கத்தைத் தூங்கவைத்த பிறகு, தசையைத் தளர்த்தும் மருந்து அவர் ரத்தத்தில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கை, கால், வயிறு எல்லாம் துவண்டுபோயின. நெஞ்சுத் தசைகளும் ஓய்ந்துவிட, மூச்சு விடும் வேலையை வெளியே ஒரு மெஷின் பார்த்துக்கொண்டது.

மருந்து உடனே கூட்டம் போட்டது.

"நான் இங்கே தலைவராக இருப்பதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் கை தூக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை.

"ஏகமனதாக ஏற்கப்பட்டது," என்றது மருந்து.

இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா அங்கே சத்தம்?"

"நான் உங்க கன்ட்ரோல்ல வரமாட்டேங்க. நீங்க நடத்துங்க," என்றது இதயம்.

தையல் போட்டு முடிந்ததும், தளர்ச்சியை முறிக்கும் இன்னொரு மருந்து உள்ளே வந்தது.

"வாங்க தம்பி. இப்படி ஒற்றுமையான உடம்பைப் பார்த்திருக்க மாட்டீங்க," என்று தலைவர் வரவேற்றார்.

"அப்படியா அண்ணே? எனக்காக இன்னொரு தரம் கேளுங்களேன்," என்றது முறிவு மருந்து, உடம்பெல்லாம் பரவிக்கொண்டே.

தலைவர் பெருமையோடு கேட்டார்.

வலது கை எழுந்தது. நர்ஸ் அதைப் பிடித்து அமுக்குவதற்குள் இடது கையும் எழுந்தது. தங்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி இரண்டு கால்களும் போர்வையை உதைத்தன.