கடைக்குட்டியின் பங்கு

குழி தோண்டிக்கொண்டிருந்தவள் மண்வெட்டியை நிறுத்தினாள். புளித்த ஆட்டுப்பாலின் வாடை அடித்தது.

முதலில் தன் முந்தானையைத்தான் மோந்து பார்த்தாள். ஆடு வளர்க்கிறவளுக்கு வேறு யார்மேல் சந்தேகம் வரும். தெருவில் எங்கே நாறினாலும் எல்லோரும் அவளைத்தானே பார்க்கிறார்கள்.

முந்தானையில் புழுக்கை வாடை இருந்தது. வேப்பங்குழை வாடை இருந்தது. பால் வாடை இல்லை.

பிறகு சாக்கில் சுற்றி வைத்திருந்த குட்டியை மோந்து பார்த்தாள்.

அதில் எப்படி வரும். பால் குடித்திருந்தால்தானே.

ஆட்டுக்குக் காம்பு இரண்டு. போட்டதோ மூன்று. முந்திக்கொண்ட இரண்டும் முட்டி முட்டிக் குடித்துக் கொழுத்தன. கடைக்குட்டிக்கு அவள்தான் தனியாகக் கறந்து புட்டியில் ஊட்டிக்கொண்டிருந்தாள். தேறிவிடும் போலத்தான் இருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கல்யாணி மதில்மேல் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள்.

கல்யாணியின் மகளுக்கு மாட்டுப்பால் சேரவில்லை. குடித்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும். பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"ஒரு டம்ளர் ஆட்டுப்பால் போதுங்க்கா. எம் பிள்ள தேறிக்கிடுவா."

அந்த ஒரு டம்ளர்தான் கடைக்குட்டியின் பங்கு.

குட்டியா, பிள்ளையா என்று வந்துவிட்டால் யார் குட்டி என்று சொல்வார்கள். அவளும் சொல்லவில்லை. கடைக்குட்டியின் புட்டியில் அரிசிக் கஞ்சியை ஊற்றினாள்.

அந்தப் பாலுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கிடாயைக் கொல்லையின் கோடிக்கு மாற்றிக் கட்டினாள். தன் தாடியில் தானே மூத்திரம் பெய்துகொண்டு, அதையே அத்தர் மாதிரி சுமந்து திரிகிற ஜென்மம் அது. பக்கத்தில் நின்றால் கறக்கிற பாலிலும் அந்த வீச்சம் இறங்கிவிடும். கறக்கப் போகுமுன் குளித்தாள். வெந்நீரில் மடியைத் துடைத்தாள். "என்ன, சாமிக்குப் பாலாபிஷேகமா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

கல்யாணியும் வெறுங்கையோடு வரவில்லை. தினமும் காலி டம்ளரோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் மதிலேறி வந்தது.

"சொட்டு மிச்சம் வைக்கலக்கா. அப்படியே குடிச்சிட்டா."

அதைக் கேட்டால் இவளுக்கு வயிறு நிறைந்துவிடும். அந்த நிறைவில்தான் கடைக்குட்டியின் கத்தலைப் பொறுத்துக்கொண்டாள். கஞ்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கழிந்துகொண்டே கிடந்தது. கத்தல் மதிலைத் தாண்டியும் கேட்டிருக்கும்.

இன்று விடிந்தபோது கத்தவில்லை.

வாடை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.

துவைக்கிற கல்லின்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள்.

கல்யாணியின் கறிவேப்பிலைச் செடி. போன கோடையில் நாலு இலையோடு நோஞ்சானாக நின்றது. இப்போது மதிலைத் தொட்டுக்கொண்டு கருகருவென்று நின்றது. தூரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பாலாடை காய்ந்திருந்தது. அதன்மேல் நேற்றைய பால் திரிந்து கிடந்தது. ஈ மொய்த்தது.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும். எல்லா வீட்டிலும் ஊற்றுவதுதான்.

இது மோர் இல்லை.

நேற்று ரசத்தில் போட்டதும் அந்த இலைதான். நல்ல மணம் என்று ஒதுக்காமல் மென்று தின்றிருந்தாள். காறித் துப்பினாள்.

பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே. நாற்றம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட இவள் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள், அவ்வளவுதான். குட்டி பிழைத்திருக்கும்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே என்று இருந்தது.

இறங்கினாள். குட்டியைக் குழியில் வைத்தாள். மண்ணைத் தள்ளி மிதித்தாள்.

மதில்மேல் டம்ளர் வந்து உட்கார்ந்தது.

"எக்கா, இன்னைக்கு கொஞ்சம் கூடக் குடுங்க. பிள்ளைக்கு ருசி பிடிச்சுப் போச்சு."

அவள் டம்ளரை எடுத்தாள்.

"பிள்ளைய இங்க அனுப்பு. நானே குடுக்கேன்."

"அவ இன்னும் பல்லே வெளக்கலக்கா."

குட்டிகளைப் பார்க்கலாம் என்று பிள்ளை அதற்குள் வாசலைச் சுற்றி ஓடி வந்துவிட்டாள்.

இன்று அவள் குளிக்கவில்லை. மடியைத் துடைக்கவில்லை. குழி தோண்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கறந்தாள்.

டம்ளரை நீட்டினாள்.

பிள்ளை இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். மூக்கிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, அண்ணாந்து, அடிவரை குடித்தாள். மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது.

"அம்மா சொன்ன மாரி நாறவே இல்லையே, பெரியம்மா."



அவள் மதில் பக்கம் திரும்பவில்லை.

பிள்ளை டம்ளரை மறுபடி நீட்டினாள்.

குச்சிக் கை.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு ஆட்டின் அருகே குந்தினாள். இரண்டு குட்டிகளும் குடித்து முடித்துத் துள்ளிக்கொண்டிருந்தன. காம்பைப் பிடித்தாள்.

மூன்றாவதற்கென்று ஆடு இன்னும் சுரந்துகொண்டிருந்தது.