இரக்கம் சுரக்கும்வரை

வானத்திலிருந்து இறங்கியவற்றுக்கு ஒரு வேதம் உண்டு. யாருக்காகக் கண்ணீர் வருகிறதோ அவரை மட்டுமே கொல்லலாம். அழாமல் கொல்வது பாவம். அதனால் வீட்டுக்கு ஒன்றாக வந்து உட்கார்ந்து, இரக்கம் சுரக்கும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

நானும் என் மனைவி பிலோமினாவும் ஒன்பது நாளாக அதன் எதிரில் நாயும் பூனையுமாகச் சண்டை போட்டோம்.

“உன்னைக் கட்டுனதுக்குக் கடல்ல விழுந்திருக்கலாம்.”

“இப்பவும் விழலாம், யாரு புடிச்சா?”

அது கலங்கவில்லை.

பத்தாம் நாள் மதியம், திட்டிக்கொண்டே சாப்பிட்டோம். மீனில் முள்ளை எடுத்துவிட்டு, முப்பது வருடப் பழக்கத்தில், சதையை அவள் தட்டில் வைத்துவிட்டேன்.

பிலோமினா என் விரல்களைப் பார்த்தாள்.

“என்னய்யா பண்ணிட்ட?”

நாங்கள் நிமிரவில்லை. எதிரே, தரையில் சொட்டு விழும் சத்தம் கேட்டது.