உள்ளேயும் சுத்தம்

ரத்த வங்கிக் கணினியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. நான் எழுதிக் கொடுத்த மென்பொருளைத் திறந்தால், ஏதோ ஒரு கோப்பு இல்லை என்றது. அதைப் போட்டேன். அடுத்தது இல்லை என்றது. அதையும் போட்டேன். இன்னொன்று இல்லையாம். அந்த மென்பொருள் தனியாக ஓடாது. முப்பத்தொரு துணைக் கோப்புகள் கூடவே இருக்க வேண்டும். ஒன்றுவிடாமல் மூட்டை கட்டி வந்து நானேதான் நிறுவிவிட்டுப் போயிருந்தேன்.

“யாரும்மா இதுல கை வெச்சது?”

“ஆயுத பூஜைக்கு உள்ளயும் சுத்தம் பண்ணினோம் சார்,” என்றார் பொறுப்பாளர் மங்கையர்க்கரசி. “நீங்க அழுத்தித் திறக்கச் சொல்லிக் காட்டின படத்தை மட்டும் விட்டுட்டு, பேர் புரியாததையெல்லாம் அழிச்சிட்டோம்.”

வெளியே ஒருவர் ‘ஓ நெகட்டிவ்’ என்று எழுதிய சீட்டோடு கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் மகள் பிரசவ அறையில் இருந்தாள். அந்த வகை கையிருப்பில் இல்லை; கொடுக்கக்கூடியவர்களை இந்த மென்பொருளில் தேடித்தான் கூப்பிட வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்தொன்றையும் போட்டு முடித்தேன். மென்பொருள் திறந்தது. ரத்தம் கொடுப்பவர்கள்: பூஜ்யம். நாலு வருஷமாகச் சேர்த்த பெயர்கள் இருந்த கோப்புக்கும் புரியாத பெயர்தான். வாரா வாரம் நகல் எடுக்கச் சொல்லி நான் ஒட்டிய தாளையும் கிழித்துத் துடைத்திருந்தார்கள். கணினியின் குப்பைத் தொட்டியைத் திறந்தேன். காலி.

“பூஜை அன்னிக்குக் குப்பைய வெச்சிருப்பமா சார்?” அவருக்கு என்மேல்தான் வருத்தம்.

கண்ணாடி மறுபடி தட்டப்பட்டது. மங்கையர்க்கரசி அந்த மனிதரைப் பார்த்தார், திரையிலிருந்த பூஜ்யத்தைப் பார்த்தார், பிறகு என் முழங்கையைப் பார்த்தார்.

“சார், உங்க ரத்தம் என்ன குரூப்பு?”