கீழ்வீட்டுக் காற்று

வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று காட்டிக்கொடுக்கும் காற்றுச் சோதனை இல்லாமல் இப்போது யாரும் வீடு வாடகைக்கு விடுவதில்லை. வீட்டுக்கார அம்மாள் கோமளவல்லி சுத்த சைவம். கீழ்வீட்டு ஜெசிந்தா மீன் பொரிக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். நிரூபணமானால் ஜெசிந்தா காலி செய்ய வேண்டியதுதான்.

சோதனைக்கு வந்த அன்வர் கருவியைக் கீழ்வீட்டுச் சுவரோரம் வைத்தார்.

"பூஞ்சை கொஞ்சம் இருக்கும்மா. மத்தபடி வெறும் சாம்பார்தான்."

"நல்லா பாருங்க! நாத்தம் எனக்கே வந்துச்சே!"

கருவி மறுபடி முனகியது.

"வஞ்சிரம், நேத்து மத்தியானம். ஆனா மாடியிலேர்ந்து இறங்கியிருக்கு."

மாடியில் கோமளவல்லியும் அவள் கணவரும் மட்டும்தான். நேற்று முழுவதும் அவள் கோயிலில் இருந்தாள். கூட வந்திருந்த கணவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோமளவல்லி ஜெசிந்தா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள்.

"ஜெசிந்தா, பொரிச்சது நீதான்னு ரிப்போர்ட்டுல போட்டுக்கலாமா? காலியெல்லாம் பண்ண வேண்டாம்மா."