திரையில் பேசுபவன்

"அந்த மூஞ்சியைப் பாரு. எவ்வளவு கொழுப்பு இருந்தா இப்படிச் சிரிப்பான்!"

கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தார் வேலை போன போதகர். அடையாளம் தெரியாமலிருக்க முகக்கவசமும் மஃப்ளருமாக வந்திருந்தார். பிரசங்க மேடைக்கு மேலே, பெரிய திரையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"மெதுவாப் பேசுங்க," என்று கையைப் பிடித்தாள், அவரைப் போலவே முகத்தை மூடியிருந்த மனைவி.

"இந்த வாய் ஓடுற வரைக்கும் நமக்குச் சோறு இல்லைடி. இன்னிக்கு இவனை ஒழிச்சுட்டுத்தான் மறுவேலை."

கோபத்தில் நியாயம் இருந்தது. வாரா வாரம் தொண்டை வறளப் பிரசங்கித்தவரைக் கூப்பிட்டு, "இனிமே வீடியோவே போதும் ஐயா. அது சம்பளமும் கேக்காது, லீவும் கேக்காது," என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார் சபைச் செயலாளர். ஆலயத்தை ஒட்டியிருந்த வீட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது மச்சினன் வீட்டு மாடியில் ஒற்றை அறை. மச்சினன் பெண்டாட்டி தட்டை 'ணங்'கென்று வைக்கிற சத்தத்தோடுதான் சாப்பாடு.

திரையில் பேச்சு மன்னிப்பைப் பற்றி உருகிக்கொண்டிருந்தது.

"இப்ப தும்முவான் பாரு," என்றார் அவர். சொல்லி வாய் மூடவில்லை, திரையில் தும்மல் வந்தது. அதை வெட்டி எறியக்கூடச் சபையில் யாருக்கும் உடம்பு வணங்கவில்லை.

அவர் எழுந்தார்.

"வேணாங்க, பேரு கெட்டுடும். அப்புறம் வேற சபையிலயும் கூப்பிட மாட்டாங்க," என்றாள் மனைவி, அழாத குறையாக.

"கெடட்டும்!"

விறுவிறுவென்று நடந்துபோய் மைக்கைப் பிடித்தார். "இந்த ஆள் பேச்சை நம்பாதீங்க! மன்னிப்பெல்லாம் உங்களுக்குத்தான். தன் சோத்துல மண்ணைப் போட்டவங்களைத் தினமும் சபிக்கிறவன் இவன். பழிவாங்கணும்னு தூக்கமில்லாமப் புரள்றவன்!"

முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் செயலாளருக்கு முகம் வெளிறிவிட்டது. "மைக்கை ஆஃப் பண்ணுங்கப்பா!" என்று அலறிக்கொண்டு, செருப்பு எங்கே கால் எங்கே என்று ஓடி வந்தார். சபை மொத்தமும் வாயைப் பிளந்து பார்த்தது.

முன் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி கொதித்தெழுந்தார். "எங்க ஐயாவைப் பேச நீ யாருய்யா? வெளியூர்ல அவ்வளவு வேலைக்கு நடுவுலயும் எங்களுக்காக வாரா வாரம் பேசி அனுப்புறாரு. தங்கமான மனுஷன்! செயலாளரையே கேளு!"

செயலாளர் தரையைப் பார்த்தார்.

போதகர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"உங்க ஐயா நான்தாம்மா. மொத்தமாப் பேச வச்சுப் பதிவு பண்ணிக்கிட்டு, என்னைத் துரத்திட்டாங்க."