ஒருவரோடும் சேராத வாயு

"மாஸ்ரர், உந்தக் கண்ணாடிக் குண்டுக்குள்ளை இருக்கிறது ஆரின்ரை மூச்சு?"

கோயில் மனேச்சர் ஏரம்பர் பல்பைக் கையாலும் தொடவில்லை. கொண்டுவந்த தம்பிராசா மாஸ்ரர்தான் அதை வாழையிலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

பக்கத்து ஊர்க் கோயிலில் போன திருவிழாவுக்கே எஞ்சின் வைத்துக் கரண்ட் லைற் போட்டுவிட்டார்கள். அந்த எரிச்சலில் மனேச்சருக்கு நித்திரையில்லை. அதற்காக எவனோ ஊதிய காற்றை மூலஸ்தானத்துக்கு முன்னால் கட்டித் தொங்கவிடலாமா? முருகனுக்குத் தீட்டாகிவிடாதா?

"மூச்சில்லை, மனேச்சர். உள்ளை இருக்கிறது ஆர்கன் எண்டொரு வாயு."

"அவை என்ன ஆக்கள்?"

"ஒருத்தரோடையும் சேராது. கொள்வனை கொடுப்பனை கிடையாது. தானும் எரியாது, உள்ளை இருக்கிற கம்பியையும் எரிஞ்சுபோக விடாது."

மனேச்சரின் முகம் மலர்ந்தது.

"ஒருத்தரோடையும் சேராதோ?"

"நெருப்பிலை காய்ச்சினாலும் சேராது."

"அப்ப அது எங்கடை ஆக்கள்தான்! கட்டுங்கோ."

"முருகன்ரை முகத்துக்கு நேரை கட்டுவம். அதின்ரை மரியாதைக்கு அதுதான் இடம்" என்றார் மாஸ்ரர்.

"ஓம், ஓம்."

கூட வந்திருந்த மாஸ்ரரின் மனைவி மகாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நடக்கும்போது கொட்டித் தீர்த்தாள்.

"மேடையிலை ஏறிச் சமத்துவம் கதைக்கிறியள். இஞ்சை வந்து ஒரு வாயுவுக்கும் சாதி பாத்துச் சொல்லுறியள். வெக்கமாயில்லையோ?"

மாஸ்ரர் கோயில் கேற்றைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தார்.

கேற்றடியில் சின்னாச்சி நின்றாள். பனையோலைக் கடகம் இழைத்து விற்பவள். அவளுடைய சனத்தைக் கோயிலுக்குள் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, தெருவில் நின்று, உள்ளே தெரியும் இருட்டைக் கும்பிட்டுவிட்டுப் போவாள்.

"ஐயா, இண்டைக்கு முருகனுக்கு என்ன நிறப் பட்டு?"

"பச்சை."

"சிரிச்ச முகம் எண்டு சொல்லுகினம். மெய்யோ?"

"கொடியேத்தத்தண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ, சின்னாச்சி."

கொடியேற்றத்தன்று பொழுதுபட எஞ்சின் உறுமியது. பல்ப் எரிந்தது. மூலஸ்தானம் பளிச்சென்று தெருவரைக்கும் தெரிந்தது.

"என்ரை அப்பனே! மெய்யாத்தான் சிரிக்கிறாய்!"

கேற்றடியில் சின்னாச்சி விம்மி விம்மி அழுதாள். அவளுக்குப் பின்னால் நின்ற சனமெல்லாம் எட்டி எட்டிப் பார்த்து "அரோகரா" என்றது. மகாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒன்றும் தெரியாதவர்போல எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனேச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. அணைக்கச் சொல்லவும் வழியில்லை. பக்கத்து ஊரார் வேறு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மாஸ்ரரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

"உந்த வாயுவை எந்தத் தேசத்திலை இருந்து எடுக்கிறாங்கள்?"

"தேசமென்ன தேசம்? காத்திலை இருந்துதான். எல்லாரின்ரை நெஞ்சுக்குள்ளையும் போய், போனபடியே திரும்பி வரும். இப்ப சின்னாச்சி விட்ட மூச்சிலையும் இருக்கு. காத்தும் கேற்றடிப் பக்கமிருந்துதான் வீசுது, மனேச்சர்."

மனேச்சர் சட்டென்று மூச்சை அடக்கிக்கொண்டார்.

பாவம், எவ்வளவு நேரத்துக்குத்தான் அடக்குவார்!