கிடாவின் தாடி

இசபெல்லாவை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு ஸ்தனிஸ்லாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன. வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கேமராவோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தபடி எல்லாம் சரி. ஆளுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகவும் என்றும் அதில் இருந்தது. அதற்குத்தான் அவனுக்குத் தைரியம் இல்லை.

இந்த ரோலும் கெட்டால் கேமராவைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடுவதாக இசபெல்லாவின் அப்பா சவரி சொல்லியிருந்தார். செய்யக்கூடிய ஆள்தான்.

ஓசூர் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் போட்டோ கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையனிடமே கேமரா இருக்கும்போது ஸ்டுடியோ எதற்கு என்பது சவரியின் சிக்கனம்.

அந்தச் சிக்கனத்தில் இரண்டு ரோல் பாழ். இசபெல்லாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலக்கிய மோர்தான் இருந்தது.

ஸ்தனிஸ்லாஸுக்கு மானம் போயிற்று. பால் சொசைட்டி கேன்களை வைத்துப் பழகினான். தொப்பூர் மேட்டில் முக்கி முக்கி ஏறும் லாரியைக்கூட எடுத்தான். நம்பர் பளிச்சென்று விழுந்தது.

இசபெல்லா என்றால் மட்டும் சொதப்பியது. கை நடுங்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான். அவளை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். வெளியில் சொல்ல முடியுமா?

பட்டனை அழுத்துமுன், பக்கத்தில் நின்ற சவரி போன ரோலில் வந்த படத்தை எடுத்து அவன் மூக்கருகே நீட்டினார்.

"இதப் பாரு. கிடாவோட தாடிய மயிர் மயிரா எண்ணலாம். எம்பொண்ணுக்கு மூக்கு எங்கன்னு தேட வேண்டியதாருக்குது."

பார்த்தான். இசபெல்லாவுக்குப் பின்னால், முருங்கையில் கட்டியிருந்த கிடா தாடியோடு அம்சமாகப் படுத்திருந்தது.

சுரீரென்றது. கை நடுங்கியிருந்தால் கிடாவும் அல்லவா கலங்கியிருக்க வேண்டும்?

இந்த முறை கேமராவுக்குள் பார்க்கவில்லை. அதற்கு மேலாக அவளையே பார்த்தபடி பட்டனை அழுத்தினான்.

சிலையாக நின்றிருந்தவள், விரல் இறங்கியதும், மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினாள். மறுபடியும் சிலையானாள்.

அவன் பார்த்துவிட்டதை அவளும் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போய், அப்பாவை ஒருமுறையும் அவனை ஒருமுறையும் பார்த்தாள்.

"கை ஆடிருச்சுங்க மாமா" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

சவரி தலையில் அடித்துக்கொண்டார். நல்ல வேளையாக, கேமராவைத் திட்டியபடியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ரோலில் இன்னும் ஒரு படம் மிச்சமிருந்தது. இசபெல்லா கூந்தலைச் சரிசெய்துகொண்டு, யாரும் சொல்லாமலே நேராக நின்றாள்.

அந்த ரோலும் பாழ் என்று அடுத்த வாரம் சவரியிடம் சொல்லிவிட்டான். ஒரு படம் மட்டும் அவன் சட்டைப்பையில் இருந்தது.

அதில் கிடா இல்லை. அவ்வளவு பக்கத்தில் போய் எடுத்திருந்தான்.